அம்மாவுக்காகத் தாழும் வண்டி



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தோம். கேமரன் மலை, லங்காவி, ஹாட்யாய் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்ததும், "மகிழுந்தின் அடியில் படுத்திருந்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த ஒரு வாரக் கதையை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, தவணைத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த பிறகு இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் ஆசிரியைக்கு இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இல்லைதான். ஆனால், கையில் பட்ட கிரீசு இன்னும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

முதலில் இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சு மாதம் ஜொகூரில் வெள்ளம் வந்தபோது குளுவாங் வட்டாரமும் தப்பவில்லை. செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் எங்கள் பள்ளிக்குச் செல்லும் செம்மண் பாதை இடுப்பளவு நீரில் மூழ்கியது. அப்போது என்னிடம் இருந்த சிறிய மகிழுந்து நனைந்து, பிறகு ஒருபோதும் சரியாக ஓடவில்லை. அதே ஆண்டில் என் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. செவ்வாய், வியாழன், சனி, பிற்பகல் முறை. பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, அம்மாவை ஏற்றிக்கொண்டு மையத்துக்கு விரைவது என் வாழ்க்கையின் கால அட்டவணை ஆயிற்று.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வார இறுதியில்தான் வீடு திரும்புவார். அவர்தான் இந்த வண்டியைப் பார்த்து வந்தார். ஏழு இருக்கைகள் கொண்ட ஐரோப்பிய எஸ்யூவி. புதிதாக இருந்தபோது நம்மைப் போன்றவர்கள் கிட்ட நெருங்க முடியாத விலை. பத்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டால் உள்ளூர்க் காரின் விலைக்கு இறங்கிவிடுகிறது. ஏன் அப்படி இறங்குகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் வண்டி என்று எழுதப் போவதில்லை. அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

எனக்கு உயரமான வண்டி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய முட்டி அம்மாவுடையது. படி ஏறுவதே அவருக்குப் பெரும்பாடு. அப்போது கணவர் கதவருகே இருந்த பொத்தான் ஒன்றை அழுத்தினார். வண்டி பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தத்தோடு மெல்லக் கீழே இறங்கியது. ஐந்து சென்டிமீட்டர்தான். ஆனால், அம்மா தம் வலக்கையால் கதவைப் பற்றிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் இருக்கையில் அமர்ந்துவிட்டார். "யானை படுக்குற மாதிரி படுக்குதே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பேரம் முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் பேருந்துகள் நிறுத்தத்தில் தாழ்ந்து நின்று முதியவர்களை ஏற்றிக்கொள்வதைத் தினமும் பார்த்ததால்தான் தமக்கு இந்த எண்ணம் வந்தது என்று கணவர் பிறகு சொன்னார்.

அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சாதாரண வண்டியில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அந்த இடத்தில் தடித்த ரப்பர் காற்றுப்பை இருக்கும். விபத்தில் விரியும் பை வேறு, இது வேறு. வண்டியின் அடியில் ஒரு கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்பும். வால்வுப் பெட்டி ஒன்று அதை நான்கு மூலைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சென்சார் உயரத்தை அளந்து கணினியிடம் சொல்லும். கணினி காற்றை ஏற்றும் அல்லது இறக்கும். அவ்வளவுதான். எண்ணம் ஒன்றும் புதிதன்று. 1950களிலேயே அமெரிக்காவின் நெடுந்தொலைவுப் பேருந்துகளில் காற்றுப்பைகள் வந்துவிட்டன. 1957இல் வெளிவந்த கேடிலாக் எல்டொராடோ புரோம் என்ற விலையுயர்ந்த கார் நான்கு சக்கரத்திலும் காற்றுப்பையோடு வந்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் அதன் உரிமையாளர்கள் பலர் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள் என்று படித்தபோது, எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஒன்றரை ஆண்டு வண்டி குறை சொல்லாமல் உழைத்தது. பிறகு ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், சேற்றில் கிடக்கும் எருமைபோல் நான்கு சக்கரங்கள்மேலும் படுத்துக் கிடந்தது. எஞ்சினை முடுக்கியதும் கம்ப்ரசர் உறுமி உறுமி நெடுநேரம் கழித்துத்தான் எழுந்து நின்றது. சில நாளில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இயல்பு உயரம் மட்டுமே உண்டு, மற்றவை இயங்கா என்று எழுத்து ஓடியது. அதாவது, வண்டி ஓடும். ஆனால் அம்மாவுக்காகத் தாழாது.

முதலில் சென்ற பட்டறையின் பெயர் வேண்டாம். நம் ஊரில் மெக்கானிக்கை ஃபோர்மன் என்றுதான் அழைக்கிறோம் அல்லவா? அந்த ஃபோர்மன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சிக்கு, கம்ப்ரசர் சூடா ரோசாக்" என்றார். கம்ப்ரசர் கெட்டுவிட்டதாம். புதியது மூவாயிரம் வெள்ளிக்குப் பக்கம். ஹாஃப்கட் கடையிலிருந்து பழையது வாங்கிப் போட்டால், கூலியோடு 950 வெள்ளி. போட்டோம். மூன்று வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. நான்காம் வாரம் அதே மஞ்சள் விளக்கு. மறுபடியும் போனேன். "இதுவும் போய்விட்டது. பழைய சாமானுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள்.

இடையில் அம்மா எப்படி ஏறினார்? சந்தையில் வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டேன். முக்காலியை வைப்பேன், அவர் ஏறுவார். ஒரு சனிக்கிழமை, சுத்திகரிப்பு முடிந்து வெளியே வந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மையத்தின் வாசலில் தரை ஓடு ஈரமாக இருந்தது. முக்காலி வழுக்கியது. அம்மா சாய்ந்தார். நான் எட்டிப் பிடித்தேன். பிடித்தது இடக்கையை.

இரத்தச் சுத்திகரிப்பு செய்பவர்கள் வீட்டில் இருந்தால் அந்த இடக்கையின் பொருள் உங்களுக்குப் புரியும். ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கை அது. அதில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது, இறுகப் பிடிக்கக்கூடாது. நான் என் பலம் முழுவதையும் கொடுத்துப் பிடித்தேன். தாதி ஓடிவந்து, விரலை வைத்து உள்ளே அதிர்வு இருக்கிறதா என்று தேடிய அந்த ஒரு நிமிடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதிர்வு இருந்தது. காலில் சிராய்ப்பு, கையில் நீலம் பாய்ந்த ஐந்து விரல் தடம். என் விரல்கள்.

அன்று இரவு கணவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். "இந்தக் காற்று விளையாட்டு போதும். ஸ்பிரிங் போட்டுவிடலாம்."

அவர் சொன்னது தவறான யோசனை அன்று. காற்றுப்பைகளைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் பொருத்தும் முழுத் தொகுதிகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஜொகூர் பாருவில் ஒரு கடையில் எல்லாம் சேர்த்து 3,600 வெள்ளி கேட்டார்கள். கசிவு இல்லை, கம்ப்ரசர் இல்லை, காலையில் எருமை இல்லை. அதோடு ஒரு சிறு மின்பெட்டியும் தருவார்கள். நான்கு மூலைகளும் நலமாக இருப்பதாக அது கணினியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்; மஞ்சள் விளக்கு எரியாது. எனக்கு அந்தப் பெட்டிதான் முள்ளாய்க் குத்தியது. மாணவனின் மதிப்பெண் பட்டியலைத் தகப்பன் கையில் கொடுக்குமுன் திருத்திவிடுவதுபோல் ஓர் உணர்வு. ஆனால், அது என் ஆசிரியப் புத்தி. காட்டுப் பாதையில் தினமும் ஓடுகிறவருக்கும், பட்டறைக்கு அலைய நேரமும் பணமும் இல்லாதவருக்கும் ஸ்பிரிங்தான் நிம்மதி. மாற்றுமுன் காப்புறுதி நிறுவனத்திடமும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பின்னால் ஆள்களும் சுமையும் ஏறினால் வண்டி தானாக நிமிர்ந்து சமன் செய்துகொள்ளாது என்பதையும் தெரிந்து மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் இழப்பு அது மட்டும் அன்று. ஸ்பிரிங் போட்ட வண்டி ஒருநாளும் தாழாது. முக்காலி நிரந்தரமாகிவிடும்.

கணவரிடம் ஒரு வாரம் கேட்டேன். பள்ளி விடுமுறை வரப் போகிறது. அந்த வாரம் முடிந்தும் ஒன்றும் தெரியாவிட்டால் ஸ்பிரிங் போடலாம் என்றேன். எனக்கு உறுத்திய கேள்வி ஒன்றுதான். ஆறு வாரத்துக்குள் இரண்டு கம்ப்ரசர்கள் ஏன் சாக வேண்டும்? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்: குறையறி சோதனை செய்யாமல் குறைநீக்கல் பாடம் நடத்தாதீர்கள் என்று. ஃபோர்மன் செய்தது குறைநீக்கல் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. கம்ப்ரசர் நோயாளியா, அல்லது யாரோ ஒருவருக்காக ஓய்வில்லாமல் உழைத்துச் செத்த கூலியா?

சனிக்கிழமை இரவு, அம்மாவின் முறை முடிந்து வந்ததும், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினேன். தையல் நாடாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். முன்னால் இரண்டு பக்கமும் 49, பின்னால் இரண்டு பக்கமும் 51 சென்டிமீட்டர். காலையில் மறுபடியும் அளந்தேன். நான்கும் இறங்கியிருந்தன, ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் நான்கு பைகளும் கசிகின்றனவா? எனக்குத் தலை சுற்றியது. நான்கு பைகளை மாற்றும் பணத்தில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது. இந்த வகை வண்டிகள் சில, பூட்டி நிறுத்திய பிறகும் முழுமையாக உறங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி விழித்துப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி கோணலாக நிற்கக்கூடாது என்று மற்ற மூன்றையும் அந்த அளவுக்கு இறக்கிவிடும். மறுபடியும் ஒரு மூலை தாழும். மறுபடியும் மூன்றும் இறங்கும். விடியும்போது நான்கும் சேர்ந்து படுத்திருக்கும். குற்றவாளி யார் என்று பார்த்தால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இரவு, சஸ்பென்ஷனுக்கு உரிய ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். இனிக் கணினி விழித்தாலும் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு மூலையும் தன் தன் நிலையில் தனித்து நிற்க வேண்டியதுதான். திங்கட்கிழமை விடியற்காலை கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். பின்னால் 51, 51. முன்னால் வலம் 49. முன்னால் இடம் 41.

அம்மா உட்காரும் மூலை.

இங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வகுப்பறைக்குப் போய்வருகிறேன். ஆசிரிய நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், மூன்றாம் ஆண்டு மாணவர்களின் கூட்டு வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது குரல்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அழகாகத்தான் இருந்தது. திடீரென்று அந்த 49, 49, 51, 51 நினைவுக்கு வந்தது. வகுப்பு பின்தங்குகிறது என்று நினைத்து, சில மாதங்களாக எல்லாருக்கும் பனுவலைச் சுருக்கி, எளிமையாக்கி, கீழே இறக்கிக்கொண்டே வந்தவள் நான். நானும் அந்தக் கணினிபோல்தான் செய்திருக்கிறேன். மறுநாள் கூட்டு வாசிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகச் சன்னலோர மேசைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னேன். நன்றாக வாசிப்பான் என்று நான் நம்பியிருந்த ஒருவன் தடங்கலில்லாமல் வாசித்தான். ஆனால், நான் திறந்து வைத்திருந்தது வேறு பக்கம். அவனுக்குக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே சமாளித்து வந்திருக்கிறான். எவ்வளவு பெரிய உழைப்பு அது! இப்போது தினமும் காலைச் சபைகூடலுக்கு முன் கால் மணி நேரம் அவனோடு உட்காருகிறேன். வகுப்பின் பனுவல் மறுபடியும் பழைய அளவுக்கு உயர்ந்துவிட்டது.

சரி, வண்டிக்கு வருவோம். மூலை தெரிந்துவிட்டது, ஓட்டை எங்கே? துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கும் புட்டியில் பாத்திரம் கழுவும் திரவத்தையும் நீரையும் கலந்துகொண்டேன். பெற்றோர்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காற்றில் நிற்கும் வண்டி எந்த நொடியிலும் சொல்லாமல் கீழே இறங்கும். உடலுக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுக்காமல் தலையையோ கையையோ உள்ளே நீட்டக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு ஜாக்கி முட்டுகள் இரவல் வாங்கினேன். "டீச்சர், உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டுக்கொண்டே அவரும் உதவிக்கு வந்துவிட்டார்.

முதலில் குழாய் முனையில் தெளித்தோம். குமிழி இல்லை. பையின் மேல்விளிம்பில் இல்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத் தெளித்தோம், அப்போதும் இல்லை. பட்டறையிலும் லிஃப்டில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டுக் கசிவே இல்லை என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சக்கரம் தொங்கும்போது பை நீண்டுவிடுகிறது. ரப்பர் மடியும் இடம் மாறிவிடுகிறது. விரிசல் இருப்பதோ மடிப்பில். ஆகவே, வண்டியை மறுபடியும் தரையில் இறக்கி, தன் எடையைத் தானே தாங்கும்படி நிறுத்தி, உடலுக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, அந்தச் சந்தில் புட்டியை நீட்டித் தெளித்தேன். சில நொடியில் மடிப்பின் உள்பக்கம் கடுகு கடுகாய்க் குமிழிகள் பூத்தன. ஓர் அங்குல நீளத்துக்கு மீன்முள்போல் விரிசல்.

இந்த முடியளவு விரிசலை ஈடுகட்டத்தான் கம்ப்ரசர் நாள் முழுதும் ஓடியிருக்கிறது. ஓடி ஓடிச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. அதைத்தான் கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது கம்ப்ரசரைப் பேட்டரியில் நேரடியாக இணைத்துப் பார்த்தோம், நன்றாகவே ஓடியது. அதற்கு மின்சாரம் தரும் ரிலேயின் முனைகள்தாம் கருகியிருந்தன. புதிய ரிலே 45 வெள்ளி. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் கம்ப்ரசரோடு ஒட்டிய குப்பியில் இருக்கும். அவையும் நம் ஊர் ஈரத்தில் ஊறி மாவாகிப் போயிருந்தன. அவற்றையும் மாற்றினோம்.

புதிய காற்றுப்பை அப்சோபரோடு சேர்ந்தே வருகிறது. வேறு நிறுவனம் செய்த மாற்றுப் பொருள்தான்; 1,750 வெள்ளி. கோலாலம்பூரிலிருந்து வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். இடையில் செவ்வாயும் வியாழனும் வருகின்றனவே!

அந்த ஐந்து நாள்தான் நான் செய்த ஒரே 'பைபாஸ்'. முன் இடது பைக்குச் செல்லும் 6 மில்லிமீட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, டயர் வால்வு பொருத்திய சிறு இணைப்பு ஒன்றை அந்த இடத்தில் மாட்டி, அதன் வாயை எஞ்சின் அறைக்குள் கொண்டுவந்து கட்டிவைத்தோம். ஃபியூஸ் பிடுங்கியபடியே இருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. டயருக்குக் காற்றடிக்கும் சிறு மின்பம்பை அந்த வால்வில் மாட்டி, நாடாவில் 49 வரும்வரை அடிப்பேன். டயரில் உள்ளதைவிடப் பல மடங்கு அழுத்தம் தேவைப்படுவதால் பம்பு திணறும். ஆறேழு நிமிடம் பிடிக்கும். பிறகு மெதுவாக, மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் 11 கிலோமீட்டர். அவசரத்துக்கு மட்டும் உரிய வழி இது. இப்படியே மாதக்கணக்கில் ஓட்ட நினைக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அம்மா முக்காலியைத் தேடினார். "வேணாம், நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து, ஒரு தீக்குச்சியால் வால்வின் ஊசியை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று போயிற்று. அவர் ஏற வேண்டிய மூலை மட்டும் தலை வணங்கியது. 44 வந்ததும் விட்டேன். அவர் ஏறிக்கொண்டார். மறுபடியும் காற்றடித்தேன். மையத்து வாசலில் பாதுகாவலரும் இரண்டு நோயாளிகளின் பிள்ளைகளும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. "எங்க மக பொத்தான் இல்லாமயே இறக்குது" என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொருள் வந்ததும் வேறொரு பட்டறையில் மாட்டினோம். கழற்றிய பழைய பையை நான் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா அதை மடியில் வைத்து, விரிசலைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் மரங்களைத் தடவிய விரல் அது. "ரப்பர் வயசாயிருச்சு. மடிச்ச எடத்துலதான் வெடிக்கும். நாங்க காயப்போடுற சீட்டும் அப்படித்தான்" என்றார். ஸ்கேனர் சொல்லாததை அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம்!

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் முறை என்று புதிய பட்டறையில் சொன்னார்கள். சரியான பேச்சுதான், வலப் பக்கத்துப் பைக்கும் அதே வயது. ஆனால், 950 வெள்ளியைத் தேவையில்லாமல் தொலைத்த மாதத்தில் இன்னொரு 1,750க்கு எங்கே போவது? கணவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். வலப் பக்கம் போகும்போது அதையும் மாற்றுவோம். பின்பக்கமும் போக ஆரம்பித்தால் ஸ்பிரிங் கடைக்காரரைத் தேடிச் செல்வோம். அப்போது அம்மாவுக்குத் தாழ்வான வேறு வண்டி பார்ப்போம். டயர் வால்வு இணைப்பும், மின்பம்பும், ஒரு தீப்பெட்டியும் பின்பெட்டியில் இருக்கின்றன. முக்காலியை இப்போது பக்கத்து வீட்டுப் பேத்தி பல்லாங்குழி விளையாட எடுத்துப் போயிருக்கிறாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஞாயிறு காலை நாடாவோடு வண்டியைச் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. பழைய பதிவேடு ஒன்றில் நான்கு எண்களையும் தேதியோடு எழுதுகிறேன். இந்த மாதம் இடப் பக்கம் 49. பின்னால் இரண்டும் 51. வலப் பக்கம் 48.6.

வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த அம்மா, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அது கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்றார் அவர், தேநீரை ஆற்றிக்கொண்டே.